ஆட்ஸ் படிச்ச பிள்ளை வெப் பக்கம் போறதா, படிப்பிக்கப் போறதா: வன்னியில இருந்து யோசிக்கேக்க

"ஆட்ஸ் படிச்ச பிள்ளைக்கு கொம்பியூட்டர் வேலை சரிவருமோ ரீச்சர்" எண்டு போன மாசம் மல்லாவிப் பக்கத்தில இருந்து ஒரு அம்மா போன் எடுத்துக் கேட்டவ. மகள் ஏஎல் முடிச்சிட்டா, தமிழ், அளவையியல், புவியியல், மூண்டும் பாஸ், ஆனா கம்பஸ் கிடைக்கிற அளவுக்கு இசட் ஸ்கோர் காணாது. வீட்டில ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம். அப்பா கல்வியியற் கல்லூரிக்கு போடச் சொல்லுறார், மாமா வெளிவாரியா ஒரு டிகிரியச் செய்துகொண்டு அரசாங்க வேலைக்கு இரு எண்டுறார், வெளிநாட்டில இருக்கிற அண்ணை காசு அனுப்புறன் யாழ்ப்பாணத்தில போய் வெப் டெவலப்மென்ற் கோர்ஸ் ஒண்டு செய் எண்டுறார், பிள்ளைக்கு எண்டால் வெப்சைற் செய்யவும் விருப்பம் சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கவும் விருப்பம். ஒரு மணித்தியாலம் கதைச்சும் முடிவு வரேல்லை. இதே கேள்விய இந்த ரெண்டு வருசத்தில கனபேர் கேட்டிட்டினம், அதால எனக்குத் தெரிஞ்சத ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு இருந்திட்டன்.

முதல்ல நான் ஆர் எண்டு சொல்லோணும், இல்லாட்டி நான் சொல்லுறதுக்கு என்ன பெறுமதி எண்டு தெரியாது. நான் யாழ்ப்பாணம் கம்பஸில தமிழ் சிறப்பு செய்தனான். முடிச்சுப்போட்டு கிளிநொச்சியில ஓஎல் பிள்ளையளுக்கு தமிழ் ரியூசன் குடுத்துக்கொண்டு வேலைக்கு இருந்தன், வருசக் கணக்கா. 2020ல அரசாங்கத்தில பட்டதாரிப் பயிலுநர் எடுத்தவை எல்லோ, மாதம் 20,000 ரூபா, அதில எனக்கும் கிடைச்சது. ஒரு ஒபிஸில போட்டவை. பின்னேரம் வீட்ட வந்து வெப் படிச்சன், ரெண்டு வருசத்துக்கு மேல. 2023ல அந்த வேலைய விட்டன், வீட்டில அம்மா மூண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை. இப்ப வெப்சைற் செய்து குடுக்கிறன், கிழமையில மூண்டு நாள் பிள்ளையளுக்கு ஐசிரி, அதாவது தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், படிப்பிக்கிறன். நான் விட்ட மாதிரி எல்லாரும் விடோணும் எண்டு சொல்ல வரேல்லை, என்னட்ட அப்ப தொடர்ந்து வேலை தாற ரெண்டு பேர் இருந்தவை, கலியாணக் கடன் எண்டு ஒண்டும் இல்லை, அதால விட்டனான்.

இன்னொண்டையும் முதலே சொல்லிப்போடோணும். வன்னியில ஆட்ஸ் படிச்ச பிள்ளை எண்டால் கணக்கு ஓடாத பிள்ளை எண்டு நினைக்கிறது பெரிய பிழை. விஞ்ஞானம், கணிதம் ஏஎல் வரைக்கும் இருக்கிறது 1ஏபி பள்ளிக்கூடங்களிலதான், 1சி எண்டால் கலையும் வர்த்தகமும் மட்டும். எங்கட பக்கத்தில ஒரு பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலயே ஏஎல் படிக்கோணும் எண்டால் கனக்க இடங்களில ஆட்ஸ்தான் இருந்தது, என்ர வயசுக்காரர் செட்டிக்குளம் முகாமால திரும்பி வந்து கூரை இல்லாத வீட்டில இருந்து ஏஎல் எழுதின ஆக்கள், லாப்பும் இல்லை பௌதிகவியல் ரீச்சரும் இல்லை. ஆட்ஸ் எங்களுக்கு விருப்பத்திலயும் வந்தது, வேற வழி இல்லாமலும் வந்தது. அதை வைச்சு மூளைய அளக்கக்கூடாது. வெப்சைற் செய்யிறதுக்கு வேணும் எண்டுற கணக்கு பெரும்பாலும் ஓஎல் கணக்குத்தான், வீதம், விகிதம், கூட்டல் கழித்தல். வேணுமெண்டுறது வேற, அதைப் பிறகு சொல்லுறன்.

சரி, வழியள ஒண்டொண்டாப் பாப்பம். அரசாங்க வேலைக்குக் காத்திருக்கிறதப் பற்றிக் கன நேரம் கதைக்கத் தேவையில்லை, எங்கட ஊரில ஆருக்கும் அது தெரியும். பென்சன் இருக்கு, லோன் எடுக்கலாம், வருத்தம் வந்தால் லீவு இருக்கு, கலியாணப் பேச்சில மதிப்பு இருக்கு, இதெல்லாம் சின்ன விசயம் இல்லை, எல்லாத்தையும் ஒருக்கா இழந்து போட்டு வந்த சனத்துக்கு நிரந்தரம் எண்டுற சொல்லின்ர பாரம் வேற. ஆனா காத்திருக்கிறது எண்டுறது ஒரு வழி இல்லை, அது நடுவில நிக்கிறது. 2017ல யாழ்ப்பாணத்தில பட்டதாரியள் வேலை கேட்டு றோட்டில கொட்டில் போட்டு மாசக் கணக்கா இருந்ததுகள். அந்தப் பிள்ளையள் டிகிரி முடிச்சதுகள். வெளிவாரியில இன்னும் டிகிரி தொடங்காத ஒரு பிள்ளை, முடிச்சு, அதுக்குப் பிறகு வரிசையில நிண்டு, எண்டு கணக்குப் பாத்தால் வயசு முப்பதத் தொடும். காத்திருக்கிறதெண்டால் கையில ஒரு வேலையப் பழகிக்கொண்டு காத்திருக்கோணும். அவ்வளவுதான் இதில எனக்குச் சொல்ல இருக்கிறது.

அப்பா சொல்லுற கல்வியியற் கல்லூரி நல்ல வழி. வவுனியாவில ஒண்டு, கோப்பாயில ஒண்டு இருக்கு. மூண்டு வருசம், ரெண்டு வருசம் உள்ளுக்க நிண்டு படிக்கோணும், மூண்டாவது வருசம் பள்ளிக்கூடத்தில பயிற்சி, முடிய போதனாவியல் டிப்ளோமா, பிறகு ஆசிரியர் சேவைக்கு நியமனம். படிப்பிக்கிறதுதான் தன்ர வேலை எண்டு உறுதியாத் தெரிஞ்ச பிள்ளைக்கு இதைவிட நேரான பாதை இல்லை, நான் அதை மறுக்க மாட்டன். ரெண்டு விசயம் மட்டும் யோசிக்கோணும். இதுக்கும் இசட் ஸ்கோரும் வயசெல்லையும் பாக்கினம், பாடத்துக்குப் பாடம் எடுக்கிற தொகை மாறும், அதால போட்டாக் கிடைக்கும் எண்டு இருக்கேலாது. மற்றது முதல் நியமனம் வீட்டுக்குப் பக்கத்தில வரும் எண்டு இல்லை. ஆனா ஒரு விசயத்தக் கனபேர் யோசிக்கிறேல்லை, ரீச்சரா இருந்துகொண்டு பின்னேரத்தில வெப் படிக்கலாம், மற்றப் பக்கமா வெப் செய்துகொண்டிருந்து முப்பது வயசில கல்வியியற் கல்லூரிக்குப் போகேலாது. ஒரு கதவு காலத்தோட பூட்டுப்படும், மற்றது பூட்டுப்படாது. விண்ணப்பம் கேக்கிற ஆண்டில போட்டு விடுங்கோ, போடுறதால நட்டம் ஒண்டும் இல்லை.

அடுத்தது என்விகியூ எண்டுற தேசிய தொழில் தகைமை. இதை வீட்டுக்காரர் மதிக்கிறேல்லை, "பெயிலான பிள்ளையள் போற இடம்" எண்டு ஒரு எண்ணம் இருக்கு. அது சரியில்லை. என்விகியூ ஏழு மட்டம், 4 எண்டால் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 டிகிரிக்குச் சமன். அதாவது ஆட்ஸ் பிள்ளை ஒண்டு ஐசிரியில 4ல தொடங்கி ஏறி ஏறிப் போகலாம், ஏஎல்ல என்ன பாடம் எடுத்தது எண்ட தடை அங்க இல்லை. எங்கட பக்கத்துக்கு வாய்ப்பா அறிவியல் நகரில இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016ல திறந்தது, அங்க ஐசிரிக்கு தனிப் பிரிவு இருக்கு. மல்லாவியில இருந்து எண்டால் மாங்குளம் சந்திக்கு வந்து ஏ9ல கிளிநொச்சி பஸ் ஏறினால் முறிகண்டி தாண்ட இறங்கலாம், கிளிநொச்சி ரவுணுக்கு முதலே. அது முழுநேரப் படிப்பு, பகலில வேற வேலைக்குப் போகேலாது, அது ஒரு குறை. இதில பெரிய நன்மை என்னெண்டால் பின்னால படிப்பிக்க வெளிக்கிடேக்க இந்தப் பேப்பர் நிக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில போதனாசிரியரா போறதெண்டால் கையில என்விகியூ மட்டம் இருக்கோ எண்டுதான் முதல் கேள்வி. எனக்கு அந்தப் பேப்பர் இருக்கேல்லை, தமிழ் டிகிரிய வைச்சுக்கொண்டு ஐசிரி படிப்பிக்கக் கேட்டுப் போன ரெண்டு இடத்தில திருப்பி அனுப்பினவை. அதில அவையளப் பிழை சொல்லேலாது.

கொழும்பு யூனிவர்சிற்றியின்ர கணினிக் கல்லூரி யூசிஎஸ்சி நடத்துற பிஐடி எண்டுற தகவல் தொழினுட்ப வெளிவாரி டிகிரியப் பற்றி எங்கட பக்கத்தில கனபேருக்குத் தெரியாது. 2000ல இருந்து நடக்குது. ஏஎல்ல எந்தப் பிரிவெண்டாலும் மூண்டு பாடம் ஒரே தடவையில பாஸ் எண்டால் விண்ணப்பிக்கலாம். ஒரு வருசத்தோட நிப்பாட்டினால் டிப்ளோமா, ரெண்டு வருசம் முடிச்சால் உயர் டிப்ளோமா, மூண்டும் முடிச்சால் டிகிரி, நடுவில நிண்டாலும் வெறுங்கையோட போகமாட்டீங்கள். மாமா வெளிவாரி எண்டு சொல்லேக்க இதைத்தான் சொல்லியிருக்கோணும் எண்டு எனக்குத் தோணினது. ஆனா முழுக்க இங்கிலீஸ். சொல்லித்தர பக்கத்தில ஆக்கள் இல்லை. ஓஎல் இங்கிலீஸ் எஸ் எடுத்த பிள்ளை நேர இதில குதிச்சால் முதல் வருசத்திலயே களைச்சுப் போகும், நான் கண்ட பிள்ளையள் மூண்டு பேரில ஒரு ஆள்தான் முடிச்சது. ஒரு வருசம் இங்கிலீசையும் அடிப்படையையும் பாத்திட்டு பிறகு பதிஞ்சால் நல்லம்.

அண்ணை சொல்லுற பிரைவேற் கோர்ஸ். இதில நான் அடிபட்டனான், அதால கொஞ்சம் கவனமாச் சொல்லுறன். 2018ல ஒரு இடத்தில மூண்டு மாசத்தில முழு வெப் டெவலப்பர் ஆக்கிறம் எண்டு 60,000 ரூபா வாங்கினவை, அம்மான்ர காப்பு அடகு வைச்ச காசு. சனி ஞாயிறு விடியப்புறம் பஸ் ஏறிப் போவன். அங்க ஸ்லைட் போட்டு வாசிச்சவை, வீட்டுவேலைய ஆரும் திருத்தேல்லை, கடைசியில ஒரு சேர்ட்டிபிக்கற் தந்தவை. அதை எந்தக் கொம்பனியும் கேக்கேல்லை. எல்லா இடமும் அப்பிடி எண்டு சொல்லேல்லை, நல்லாச் சொல்லிக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம். காசு கட்ட முதல் மூண்டு கேள்வி கேளுங்கோ. நான் எழுதுற கோட்ட ஆர் வாசிச்சுத் திருத்துவினம்? போன முறை படிச்ச பிள்ளை செய்த வெப்சைற் ஒண்டின்ர அட்ரஸ் தருவீங்களோ? அந்தப் பிள்ளையோட நான் கதைக்கலாமோ? மூண்டுக்கும் மறுமொழி வந்தால் கட்டுங்கோ. கோர்ஸ விட, படிக்கிற ஆக்களோட பழகிறதுதான் யாழ்ப்பாணம் போறதின்ர உண்மையான பலன், யாழ் ஐடி ஹப் மாதிரி ஆக்கள் நடத்துற நிகழ்ச்சியளுக்கு ரெண்டு மூண்டு தரம் போய் வந்தாலே இந்தத் துறையில ஆர் என்ன செய்யினம் எண்டு ஒரு வெளிச்சம் வரும்.

தானாப் படிக்கிறது எண்டுறதுக்கு இப்ப காசே தேவையில்லை. கோடிங் சொல்லித்தாற பிரீகோட்காம்ப் தளம் முழுக்க இலவசம், மொறட்டுவை யூனிவர்சிற்றி ஒன்லைன்ல இலவசமா புல்ஸ்ராக், அதாவது வெப்சைற்றின்ர முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் செய்யிற, டெவலப்பர் பயிற்சி வைச்சிருக்கு, தமிழில அடிப்படை விளங்கோணும் எண்டால் ஏஎல் ஐசிரி பாடத்துக்கான தமிழ் வளநூல எடுத்து வாசியுங்கோ, அதில வெப் பக்கத்தின்ர உள்ளடக்கம் எழுதுற ஹெச்டிஎம்எல், நிறமும் அமைப்பும் குடுக்கிற சிஎஸ்எஸ், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் இருக்கு, மாறி எண்டால் என்ன, பாய்ச்சற் கோட்டுப்படம் எண்டால் என்ன எண்டு எங்கட சொல்லில இருக்கு. நான் அந்தக் கோர்ஸில படிக்காததை அந்தப் புத்தகத்தில படிச்சன். தானாப் படிக்கிறதில கஷ்டம் படிப்பில இல்லை, தனிய இருக்கிறதில. ஒரு பிழை வந்து ரெண்டு நாளா விளங்காட்டி ஆரட்டக் கேக்கிறது? 2022ல கரண்ட் ஒரு நாளில 13 மணித்தியாலம் போன காலத்தில நான் விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பிப் படிச்சனான், அப்பேக்க தனிய இருக்கிறன் எண்டுற நினைப்புத்தான் கூட வருத்தினது. அதால ஆரும் ரெண்டு பேராச் சேர்ந்து படியுங்கோ, ஒரே ஊரில இல்லாட்டியும் பறவாயில்லை, வட்ஸ்அப்பில பின்னேரம் ஒரு கோல் காணும்.

இப்ப நான் முதல்ல பிறகு சொல்லுறன் எண்ட விசயம். ஆட்ஸ் படிச்சது இதில என்னத்துக்கு உதவும்? சும்மா ஆறுதலுக்குச் சொல்லேல்லை, நாள்தோறும் கைக்கு வாற விசயங்களச் சொல்லுறன்.

அளவையியல் படிச்ச பிள்ளை உண்மை அட்டவணை போட்டுப் பழகியிருக்கும். ரெண்டு கூற்றும் உண்மை எண்டால் மட்டும் முழுக்கூற்று உண்மை, ஒண்டு உண்மை எண்டாலே காணும், எண்டு அங்க படிச்சதுதான் புரோகிராமிங்கில நிபந்தனை எழுதிறது. "பதிவு செய்த ஆளா இருக்கோணும், அதோட காசு கட்டியிருக்கோணும் அல்லது இலவச அனுமதி இருக்கோணும்" எண்டு ஒரு பாடசாலை வெப்சைற்றில எழுதேக்க அடைப்புக்குறி எங்க வரும் எண்டு பயோ படிச்ச பெடியன் ஒருத்தர் குழம்பினதையும் அளவையியல் படிச்ச பிள்ளை ஒருத்தி உடன சொன்னதையும் என்ர வகுப்பிலயே கண்டனான்.

தமிழ் படிச்ச பிள்ளைக்கு இன்னும் இருக்கு. புதுக்குடியிருப்பு எண்டு எழுதிப் பாருங்கோ, 9 எழுத்து. கொம்பியூட்டரக் கேட்டால் 18 எண்டு சொல்லும், ஏனெண்டால் கொம்பியூட்டரில எழுத்துகளுக்கு இலக்கம் குடுக்கிற யூனிகோட்டில ப, த மாதிரி எழுத்துக்கு ஒண்டு, அதில சேருற குறிக்கு ஒண்டு எண்டு தனித்தனியா வைச்சிருக்கு. ஊர்ப் பெயர் 15 எழுத்துக்கு மேல போகக்கூடாது எண்டு எல்லை வைச்ச ஒரு படிவத்தில அது "புதுக்குடியிருப" எண்டு வெட்டுப்பட்டு நிண்டதப் பாத்து அந்தப் படிவம் செய்த ஆளுக்கு என்ன பிழை எண்டே விளங்கேல்லை, எனக்கு உயிர்மெய் எண்டுற ஒரு சொல்லால விளங்கினது. வெப்சைற்ற இயங்க வைக்கிற ஜாவாஸ்கிரிப்ற் மொழியில இன்ரல் செக்மென்ரர் எண்டு எழுத்துப் பிரிக்கிற வசதி ஒண்டு இருக்கு, அதால எண்ணினால் 9 எண்டு சரியா வரும். அதே மாதிரி ஊர்ப் பெயர்களை அகரவரிசையில அடுக்கச் சொன்னால் கொம்பியூட்டர் சும்மா விட்டால் கனகராயன்குளத்த முதலும் கரிப்பட்டமுறிப்பப் பிறகும் போடும், யூனிகோட் பட்டியலில ன எண்டுற எழுத்து ந-வுக்குப் பக்கத்தில இருக்கிறதால. எங்கட வரிசையில ன கடைசி எழுத்து. தமிழ் ஒழுங்கில அடுக்கு எண்டு சொல்லிக் குடுக்கோணும், சொல்லோணும் எண்டு தெரியிறதுக்கு அது பிழை எண்டு கண்ணுக்குத் தெரியோணும். பன்மையும் அப்பிடித்தான், இங்கிலீசில எஸ் ஒண்டச் சேர்த்து விடுற மாதிரி தமிழில கள் எண்டு ஒட்டி விட்டால் "மரம்கள்" எண்டு வரும், புணர்ச்சி படிச்ச பிள்ளைக்கு அது உடன முள்ளாக் குத்தும். தமிழ்ச் சொல் நீளம், "சப்மிற்" இருந்த பட்டனில "சமர்ப்பிக்கவும்" எண்டு போட்டால் வெளியால வழியும், குறியள் மேலயும் கீழயும் இருக்கிறதால வரிக்கு வரி இடைவெளி கூட விடோணும். இதெல்லாம் சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனா ஒரு அம்மம்மா தன்ர பேரப்பிள்ளையின்ர பள்ளிக்கூட அறிவித்தல வாசிக்க முடியுதோ இல்லையோ எண்டுறது இதிலதான் இருக்கு.

பாமினி எண்டுற பழைய தமிழ் பொண்ட் வேற கதை. எங்கட பக்கத்தில சங்கங்கள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள் வைச்சிருக்கிற பழைய தமிழ் பைல்கள் கனக்க பாமினியில அடிச்சது. பாக்கத் தமிழ், உள்ளுக்க இருக்கிறது இங்கிலீஸ் எழுத்து, அந்த பொண்ட் இல்லாட்டி ஒண்டும் வாசிக்கேலாது, கூகிளிலயும் தேடுப்படாது. அதை யூனிகோட்டுக்கு மாத்தி, மாத்தேக்க வந்த பிழைகளக் கண்டுபிடிச்சுத் திருத்தி வெப்சைற்றில போடுறது ஒரு வேலை. என்ர முதல் சம்பாத்தியம் அதுதான், ஒரு ஊர்ச்சங்கத்தின்ர இருபது வருச ஆண்டறிக்கை, 15,000 ரூபா. கோடிங் பெரிசா ஒண்டும் இல்லை, தமிழ் தெரிஞ்சிருக்கோணும்.

குறையையும் சொல்லோணும். ஆட்ஸ் பிள்ளையளுக்கு முதல் ஆறு மாசம் இங்கிலீஸ்தான் அடி. பள்ளிக்கூடத்தில கலர் எண்டுற சொல்லுக்கு யூ போட்டு எழுதப் பழகினனாங்கள், சென்ரர் எண்டால் கடைசியில ஆர் ஈ. சிஎஸ்எஸ் அமெரிக்க ஸ்பெலிங். யூ போட்டால் நிறம் மாறாது, பிழை எண்டும் சொல்லாது, அந்த வரியப் பேசாம விட்டிட்டுப் போகும். நான் ஒரு முழு இரவு இதுக்கு அழுதிருக்கிறன். அதோட எங்களுக்கு ஒரு பழக்கம், விளங்காததப் பாடமாக்கிறது. ஏஎல்ல அது ஓடும். இதில ஓடாது, எழுதிப் பாத்து, உடைச்சுப் பாத்து, திருப்பி எழுதோணும்.

ஏஐ வந்திட்டுது, இனி இது படிச்சு என்ன எண்டும் கேக்கினம். 2022 கடைசியில சட்ஜிபிடி வந்த பிறகு சின்ன வெப்சைற் ஒண்டச் செய்யிறது லேசாப் போச்சு, அது மெய். அஞ்சு பக்க வெப்சைற் மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு இனி இடம் குறையும். ஆனா அது எழுதித் தாற கோட்டில என்ன பிழை எண்டு வாசிக்கத் தெரியாத ஆள் வாடிக்கையாளருக்கு என்னத்தக் குடுக்கிறது? அது தாற தமிழையும் வாசிச்சுப் பாத்தால் கனக்கத் திருத்த வேண்டிக் கிடக்கு. படிக்கிற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது, முதல் நாலு மாசம் அதிட்டக் கோட் கேக்காதேங்கோ, விளக்கம் மட்டும் கேளுங்கோ.

சரி, ரெண்டையும் பக்கத்தில வைப்பம். வெப் வேலையில காசு குவியலா வரும், குவியலா வராமலும் போகும். மாசி பங்குனியில ஒரு வேலை முடிச்சு நல்ல காசு வந்தது, பிறகு ஆனி வரைக்கும் ஒண்டும் இல்லை, போன வருசம் எனக்கு இப்பிடித்தான் போனது. ஒன்லைன்ல வேலை பிடிக்கிற பைவர் தளத்தில செய்தால் வாற காசில 20 வீதம் அவை எடுப்பினம், பேபாலில காசு வாங்கேலாத பிரச்சினை எங்கட நாட்டில கனகாலமா இருக்கு, பயனியர் மாதிரி வேற வழியால எடுக்கோணும், அதிலயும் கழிவு போகும். வெளிநாட்டு ஆக்களோட எண்டால் ராத்திரி பத்து மணிக்கு மீற்றிங். இதை வீட்டில விளங்கப்படுத்திறது, அதுவும் பொம்பிளைப் பிள்ளை எண்டால், ஒரு தனி வேலை. நான் அம்மாவப் பக்கத்தில இருத்திப்போட்டு ரெண்டு மூண்டு கோல் கதைச்சனான், அதுக்குப் பிறகு அவ ஒண்டும் கேக்கேல்லை. ஆனா ஒரு விசயம், இந்த வேலைய ஊரில இருந்தே செய்யலாம். பஸ் பாத்து நிக்கத் தேவையில்லை, கொழும்பில றூம் எடுக்கத் தேவையில்லை, அப்பா வருத்தமா இருந்த நாலு மாசம் நான் ஆசுப்பத்திரி வாங்கில இருந்து வேலை செய்தனான்.

படிப்பிக்கிறதில காசு சின்னன், ஆனா மாசம் மாசம் வரும். வரும் எண்டு சொன்னாலும் எங்கட பக்கத்தில பீஸ் கலண்டரப் பாத்து வராது, வயலப் பாத்துத்தான் வரும், காலபோகம் வெட்டினாப் பிறகு ஒரேயடியாத் தருவினம், வெள்ளம் வந்த வருசம் கேக்கவும் மனம் வராது. ஐசிரி படிப்பிக்க கொம்பியூட்டர் வேணும், நான் மூண்டு பழைய மெசினோட தொடங்கினன், மெசினுக்கு நாலு பிள்ளையள். தமிழ் ரியூசன் எண்டால் வெண்கட்டி காணும். ஆனா படிப்பிக்கிறதால எனக்கு வெப் விளங்கின அளவு வேற எதாலயும் விளங்கேல்லை. ஒரு பத்தாம் ஆண்டுப் பிள்ளை வெப் பக்கம் ஒண்டு செய்யேக்க "ஏன் ரீச்சர் பெட்டி பக்கத்தில நிக்காம கீழ போகுது" எண்டு கேட்ட நாளிலதான் எனக்கு அது ஏனெண்டு தெரியாது எண்டது எனக்கே தெரிஞ்சது. அண்டைக்கு ராத்திரி இருந்து படிச்சன்.

இதில என்ர நிலைப்பாடு இதுதான். பள்ளிக்கூடப் பாடத்திட்டத்தில இருக்கிற ஐசிரிய ஓஎல் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறத முதல் வருசத்திலயே தொடங்கலாம், பாடப்புத்தகம் இருக்கு, எல்லை தெரியும், பிழைச்சால் திருத்தலாம். ஆனா "வெப் டெவலப்மென்ற் படிப்பிக்கிறன்" எண்டு போட் போட்டுக் காசு வாங்கிறது வேற. ஆரோ ஒருத்தருக்கு ஒரு வெப்சைற் செய்து குடுத்து, அதை ஒரு வருசம் பராமரிச்சு, ஒருக்கா அது விழுந்து, இரவோட இரவா எழுப்பிக் குடுத்திருக்கோணும். அது நடக்க முதல் படிப்பிக்க வெளிக்கிட்டால் நாங்களும் ஸ்லைட் வாசிக்கிற ஆக்களாத்தான் இருப்பம். எங்கட பிள்ளையளின்ர காசு எங்க இருந்து வருது எண்டு எங்களுக்குத் தெரியும், அதால இதில நான் இறங்கிப் போக மாட்டன்.

அப்ப அந்த மல்லாவிப் பிள்ளைக்கு என்ன சொன்னனான். கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்த இந்த முறை போடு, கிடைச்சால் போ, போய்க்கொண்டு வெப்ப விடாத. கிடைக்காட்டி அறிவியல் நகரில என்விகியூ 4, பிறகு 5, அதோட சனி ஞாயிறில ஊரில எட்டு பத்துப் பிள்ளையளுக்கு ஐசிரி அல்லது தமிழ் சொல்லிக்குடு, பஸ் காசும் டேட்டாவும் அதில வரும். பிஐடிய ரெண்டாம் வருசத்தில இங்கிலீஸ் கொஞ்சம் கைக்கு வந்தாப் பிறகு யோசிப்பம். அண்ணையின்ர காச கோர்ஸுக்குக் கட்டாத, லப்டொப்புக்கு வாங்கு, புதுசு வேண்டாம், பாவிச்சது எட்டு ஜிபி றாமோட நல்ல பற்றரியாப் பாத்து எடு, எடுக்க முதல் என்னட்டக் கொண்டு வந்து காட்டு. இந்த வருசத்துக்குள்ள காசு வாங்காம மூண்டு வெப்சைற், ஒண்டு கோயிலுக்கு, ஒண்டு மாதர் சங்கத்துக்கு, ஒண்டு அப்பாக்கள் இருக்கிற கமக்காரர் அமைப்புக்கு, வவுனிக்குளத்துத் தண்ணி எப்ப திறப்பினம் எண்டுற அறிவித்தல போனில தமிழில பாக்கக்கூடிய மாதிரி.

மூண்டாவதச் சொல்லேக்கதான் பிள்ளை போனில முதல் தரம் கேள்வி கேட்டது. அம்மாட்ட இருந்து போன வாங்கி, "அதில திகதி மாறினால் பழைய அறிவித்தல் தானா மறையுமோ ரீச்சர்" எண்டு. அதுக்கு ஜாவாஸ்கிரிப்ற் வேணும் எண்டன். எத்தினை நாளில படிக்கலாம் எண்டா. வாற சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு கிளிநொச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறன், கொப்பியும் பேனையும் காணும் எண்டு.